குழாயும் சவ்வும்: வீட்டுப் பட்டறையில் ஏர் ஹாரன் செய்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

அழுத்தத்தில் அடைபட்ட காற்றை ஒரு துளை வழியே திறந்துவிட்டால் சீறல் ஒலி மட்டுமே எழும். அதே காற்று லாரியின் ஏர் ஹாரன் வழியே வெளியேறும்போது தெருக்கோடி வரை கேட்கிறது. ஹாரனுக்குள் காற்றோட்டம் ஒரு நொடிக்குச் சில நூறு முறை, பிசகாத ஒழுங்கோடு, அடைபட்டுத் திறக்கிறது. சீறலுக்கும் முழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. அந்த ஒழுங்கை உண்டாக்க மோட்டாரோ மின்சுற்றோ தேவையில்லை. குழாய்க் கடையில் கிடைக்கும் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளும் ஒரு ரப்பர் கையுறையும் போதும். அவை எப்படி ஒன்றுசேர்ந்து ஒலியெழுப்புகின்றன என்பதைப் புரிந்துகொண்டு செய்பவருக்கு, ஹாரன் முதல் ஊதலில் ஒலிக்காவிட்டாலும் எங்கே திருத்துவது என்பது தெரிந்திருக்கும்.

அமைப்பு இதுதான். அகலமான ஒரு குட்டைக் குழாய்க்குள் ஒடுக்கமான ஒரு நீளக் குழாய் நடுவாகச் செருகப்பட்டிருக்கிறது. அகலக் குழாயின் பின்வாய் மூடியால் அடைக்கப்பட்டிருக்கிறது; உள்குழாய் அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டு செல்கிறது. முன்வாயில் இரண்டு குழாய்களின் விளிம்புகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, அவற்றின்மேல் மெல்லிய சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அகலக் குழாயின் பக்கவாட்டில் காற்று நுழைய ஒரு துளை இருக்கிறது. ஆக, இரண்டு குழாய்களுக்கும் இடையிலான வளைய வடிவ இடைவெளியே காற்றறை ஆகிறது. அந்த அறையிலிருந்து காற்று வெளியேற ஒரே வழி, சவ்வைத் தூக்கிக்கொண்டு உள்குழாயின் விளிம்பைத் தாண்டி அதற்குள் இறங்குவதுதான்.

காற்றை ஊதும்போது அறையில் அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் சவ்வு உள்குழாயின் விளிம்பிலிருந்து மயிரிழை உயர்கிறது. அந்த இடுக்கின் வழியே ஒரு சிறு காற்றுத் திரள் உள்குழாய்க்குள் பாய்கிறது. உடனே அறையின் அழுத்தம் சற்றுக் குறைய, இழுவிசை சவ்வை மீண்டும் விளிம்பில் அமர்த்துகிறது. பலரும் விளக்கத்தை இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் இது மட்டும் நடந்தால் வருவது ஒழுங்கற்ற படபடப்பாகத்தான் இருக்கும். ஒலிக்கு நிலையான சுருதியைத் தருவது சவ்வு அன்று. அதன்பின் இருக்கும் உள்குழாயில் அடைபட்ட காற்றுத் தம்பமே அதைத் தருகிறது. ஹாரனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் தலையாயது இது என்பேன்.

உள்குழாய்க்குள் பாய்ந்த அழுத்தத் துடிப்பு ஒலியின் வேகத்தில் மறுமுனையை நோக்கி ஓடுகிறது. நம் ஊர் வெப்பத்தில், ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில், அந்த வேகம் நொடிக்கு 349 மீட்டர். திறந்த முனையை அடைந்ததும் துடிப்பின் ஒரு பகுதி வெளியே ஒலியாகப் பரவ, பெரும்பகுதி குழாய்க்குள்ளேயே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பும்போது அது தலைகீழாக மாறிவிடுகிறது: அழுத்தமாகச் சென்றது அழுத்தக் குறைவாக வருகிறது. அது சவ்வை அடையும் நேரத்தில் சவ்வைக் கீழ்நோக்கி இழுத்து இறுக மூடுகிறது. மூடிய முனையில் பட்டு எதிரொலிக்கும் அந்த அழுத்தக் குறைவு மீண்டும் ஒருமுறை திறந்த முனை வரை சென்று, அங்கே மறுபடியும் தலைகீழாகி, இம்முறை அழுத்தமாகத் திரும்பி வந்து சவ்வைத் தூக்குகிறது. சவ்வு திறக்கிறது, அடுத்த காற்றுத் திரள் சரியான நேரத்தில் உள்ளே நுழைகிறது. சவ்வு ஒருமுறை திறந்து மறுமுறை திறப்பதற்குள் துடிப்பு குழாயின் நீளத்தை நான்கு முறை கடந்திருக்கிறது. ஆகவே ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஹாரனின் சுருதி கிடைக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உள்குழாய் 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். திறந்த முனையில் காற்றுத் தம்பம் குழாயைத் தாண்டிச் சற்றே வெளியிலும் நீண்டிருப்பதுபோல் நடந்துகொள்ளும். அதற்காகக் குழாயின் உள் ஆரத்தில் பத்தில் ஆறு பங்கைக் கூட்டிக்கொள்வது வழக்கம். ஒரு அங்குலக் குழாயில் இது 8 மில்லிமீட்டர் அளவு வரும். அப்படியானால் 349ஐ 1.632ஆல் வகுக்க வேண்டும்; விடை ஏறத்தாழ 214 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 214 அதிர்வுகள். குழாயைப் பாதியாக, 20 சென்டிமீட்டராக வெட்டினால் சுருதி 420 ஹெர்ட்ஸை நெருங்கும். கையால் செய்த ஹாரனில் சவ்வின் நெகிழ்ச்சியும் சேர்ந்துகொள்வதால் கணக்கிட்ட எண்ணிலிருந்து சிறிது விலகவே செய்யும். ஆனாலும் நீளம் கூடினால் சுருதி தாழும், குறைந்தால் ஏறும் என்ற விதி மாறாது.

நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பழக்கமான இயக்கம் தெரியும். அதன் சீவாளியும் காற்றைத் திறந்து மூடும் ஒரு கதவுதான். அங்கும் குழலுக்குள் திரும்பி வரும் அழுத்தமே கதவின் நேரத்தை நிர்ணயிக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. சீவாளியில் வாயின் அழுத்தம் இரண்டு ஏடுகளையும் ஒன்றோடொன்று நெருக்கி மூடப் பார்க்கிறது. நம் ஹாரனில் அறையின் அழுத்தம் சவ்வைத் திறக்கப் பார்க்கிறது. இன்னொன்று, நாதஸ்வரத்தின் உட்குழல் சீவாளியிலிருந்து அணசு எனப்படும் விரிந்த வாய் வரை விரிந்துகொண்டே செல்வதால் அதில் எல்லா மேற்சுரங்களும் எழும். நேரான பிவிசி குழாயிலோ அடிப்படைச் சுருதியின் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளாகிய ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி நிற்கும். வீட்டு ஹாரனின் ஒலி கிளாரினெட்டின் அடித்தொனியைப் போலச் சற்று உள்ளீடற்றதாகக் கேட்பது இதனால்தான்.

கப்பல்களின் ஊதல்களிலும் இந்த நீளக் கணக்கே ஆள்கிறது. கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்றும், 75 மீட்டருக்கு உட்பட்டது 250 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. எனவே மூடுபனியில் எதிர்ப்படும் கப்பலைக் காணாமலே, ஒலியின் கனத்தைக் கொண்டு அதன் பருமனை ஒரு மாலுமி ஊகிக்க முடிகிறது. தாழ்ந்த சுருதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: உயர்ந்த சுருதிகளைக் காற்று விரைவில் உறிஞ்சிவிடும், தாழ்ந்தவை நெடுந்தொலைவு செல்லும். கனடாவின் செயின்ட் ஜான் துறைமுகத்தின் வாயிலில் உள்ள பார்ட்ரிட்ஜ் தீவில் 1859இல் நீராவியால் இயங்கும் மூடுபனி ஊதல் நிறுவப்பட்டது. அதன் கருத்தை முன்வைத்த ராபர்ட் ஃபவுலிஸ், பனி மூடிய ஓர் இரவில் வீட்டுக்கு நடந்து வருகையில் மகள் வாசித்த பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மட்டும் தொலைவிலேயே கேட்டதிலிருந்து அந்த எண்ணத்தைப் பெற்றார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது நடந்ததோ இல்லையோ, அதன் இயற்பியல் சரியானது.

இனி செய்முறைக்கு வருவோம். வெளிக்குழாய்க்கு இரண்டு அங்குலம் எனப்படும் 63 மில்லிமீட்டர் குழாயில் 12 சென்டிமீட்டர் அளவு ஒரு துண்டும், அதற்கேற்ற எண்டு கேப் ஒன்றும் வேண்டும். உள்குழாய்க்கு ஒரு அங்குலம் எனப்படும் 32 மில்லிமீட்டர் குழாயில் 40 சென்டிமீட்டர் போதும். காற்று நுழைவதற்கு அரை அங்குலக் குழாயில் ஒரு விரல் நீளத் துண்டு. சவ்வுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் கையுறையின் உள்ளங்கைப் பகுதி அல்லது பெரிய பலூன். அதைக் கட்டுவதற்கு ஒரு ஹோஸ் கிளிப். இவற்றோடு ஹேக்ஸா பிளேடு, அரைவட்ட அரம், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், பிவிசி சொல்யூஷன் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

எல்லாவற்றிலும் அதிகப் பொறுமை கேட்பது குழாய்களின் முன்விளிம்பை மட்டமாக்குவதுதான். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு தாளைச் சுற்றி, அதன் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு குழாய்க்குச் செங்குத்தாக அமையும். வெட்டியபின் உப்புத்தாளைக் கண்ணாடி அல்லது தரை ஓட்டின்மேல் விரித்து, குழாயின் வாயை அதன்மேல் நிறுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். விளிம்பு முழுவதும் ஒரே மங்கிய நிறம் பெறும்வரை தேய்த்தால் அது மட்டமாகிவிட்டது என்று பொருள். உள்குழாயின் விளிம்பில் இருக்கும் பிசிறுகள் சவ்வைக் கிழிக்கும் என்பதால் கூர்மையை மட்டும் இலேசாக நீக்க வேண்டும். விளிம்பை உருட்டிவிடக் கூடாது.

எண்டு கேப்பின் நடுவில் உள்குழாய் நுழையும் அளவுக்குத் துளையிட வேண்டும். இரும்புக் கம்பியைக் காய்ச்சிக் குத்தித் துளைப்பது பலருக்குப் பழக்கம். அதை இங்கே தவிர்க்கச் சொல்வேன்: கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும், அது கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். வட்டக் கோட்டின்மேல் வரிசையாகச் சிறு துளைகளை டிரில்லால் இட்டு, நடுப்பகுதியைப் பெயர்த்துவிட்டு, அரத்தால் வட்டமாக்குவதே நல்லது. காற்றுத் துண்டுக்கான பக்கத் துளையையும் இவ்வாறே செய்யலாம். காற்றுத் துண்டையும் எண்டு கேப்பையும் சொல்யூஷன் கொண்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டிவிடலாம். உள்குழாயை மட்டும் ஒட்டக் கூடாது. அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, எண்டு கேப்பின் துளையில் இறுக்கமாக, ஆனால் கையால் தள்ளினால் நகரும்படி பொருத்த வேண்டும். அந்த நகர்வுதான் பிறகு ஹாரனை ஒலிக்கவைக்கும் திருகாணியின் வேலையைச் செய்யப்போகிறது.

சவ்வைச் சுருக்கமின்றி வெளிக்குழாயின் வாயில் இழுத்து, கிளிப்பால் கட்டிவிட்டு, உள்குழாயைப் பின்னிருந்து மெல்லத் தள்ள வேண்டும். அதன் விளிம்பு சவ்வைத் தொட்டு, ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தும்போது நிறுத்திவிட்டு, பக்கத் துண்டின் வழியே வாயால் சீராக ஊதிப் பார்க்கலாம்.

ஒலிக்காத ஹாரன் தன் குறையைத் தானே சொல்லிவிடும் என்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஊதினால் எதிர்ப்பே இல்லாமல் காற்று ஓடி வெறும் சீறல் மட்டும் கேட்டால், உள்குழாயின் விளிம்பு சவ்வைத் தொடவில்லை அல்லது விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. சவ்வுக்கு மேலிருந்து ஒரு விளக்கை அடித்து, பின்முனை வழியே குழாய்க்குள் பார்த்தால் எந்தப் பக்கம் இடைவெளி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாறாக, கன்னம் வீங்க ஊதியும் காற்று நகரவில்லை என்றால் உள்குழாயை அளவுக்கு மீறித் தள்ளியிருக்கிறோம். சற்றுப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒலி தொடங்கி உடனே அறுந்தறுந்து போனால் எண்டு கேப்பின் பக்கம் காற்று கசிகிறதா என்று சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழும் இடமே கசிவு. சுருதி திடீரென்று பல படிகள் தாவி மேலே போய் நின்றால் சவ்வின் இறுக்கமோ ஊதும் வேகமோ அதிகம். காற்றுத் தம்பம் அடிப்படைச் சுருதியை விட்டு மூன்று மடங்கு மேற்சுரத்துக்குத் தாவியிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். சவ்வை இறுக்கி, குழாயையும் நகர்த்தி, டேப்பையும் மாற்றியபின் ஒலித்தால், எதனால் ஒலித்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த ஹாரனுக்கு அந்த அனுபவம் உதவாது.

பலூன் ரப்பர் எளிதில் ஒலிக்கும். ஆனால் ஒலி சற்று மழுங்கியிருக்கும், ரப்பரும் விரைவில் கிழியும். கெட்டியான பாலித்தீன் தாள் தொடக்கத்தில் அடம்பிடிக்கும். இழுத்துக் கட்டுவதில் சிறு சுருக்கம் இருந்தாலும் ஒலிக்காது. சரியாக அமைந்துவிட்டால் அது விளிம்பில் வேகமாகவும் முழுமையாகவும் வந்து அமர்வதால் காற்றோட்டம் வெடுக்கென்று அறுபடுகிறது. வெடுக்கென்று அறுபடும் ஓட்டத்தில் மேற்சுரங்கள் மிகுதி. மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கே கூர்மையானது என்பதால், மேற்சுரம் மிகுந்த ஒலி அதே ஆற்றலில் உரத்துக் கேட்கிறது. லாரி ஹாரன்களில் உலோகத் தகடு சவ்வாக இருப்பதற்கு உறுதி மட்டும் காரணமன்று; இதுவும் ஒரு காரணம்.

முனையில் புனல் பொருத்தினால் ஒலி கூடுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கூடும், ஆனால் நினைக்கும் விதத்தில் அன்று. புனல் ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஒடுங்கிய குழாயின் வாயில் ஒலியின் பெரும்பகுதி உள்ளேயே திருப்பி அனுப்பப்படுகிறது என்று பார்த்தோம். படிப்படியாக விரியும் வாய் அந்தத் திருப்பத்தைக் குறைத்து அதிக ஒலியை வெளியே விடுகிறது. ஆனால் 214 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.6 மீட்டருக்கும் மேல். அதற்கு முழுப் பயன் தர வேண்டுமானால் புனல் வாயின் சுற்றளவு அந்த அலைநீளத்தை நெருங்க வேண்டும். அதாவது அரை மீட்டர் விட்டம் தேவைப்படும். மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் மேற்சுரங்களுக்கு மட்டுமே உதவும். ஒலி பளிச்சென்று ஆகும், ஒரு திசையில் குவியும்; அடித்தொனி பெரிதாக வளராது.

காற்றின் அழுத்தம் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாயால் ஊதும் அழுத்தம் சில கிலோபாஸ்கல்தான்; முழு மூச்சைத் திரட்டினால் 10 கிலோபாஸ்கலை எட்டலாம். இந்த ஹாரனுக்கு அது போதும். காற்று மெத்தை நிரப்பும் கால் பம்பையும் பயன்படுத்தலாம். லாரியின் பிரேக் அமைப்பிலோ பஞ்சர் கடையின் கம்ப்ரசரிலோ இருப்பது அதைப் போல எண்பது மடங்கு வரை செல்லும். பிவிசி குழாயை அத்தகைய காற்றுக்குச் சேமிப்புக் கலனாக்கும் செய்முறைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அவற்றைச் செய்யவே கூடாது. குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் தண்ணீருக்கானது. தண்ணீர் அநேகமாகச் சுருங்காது. குழாய் வெடித்தால் அழுத்தம் நொடியில் தணிந்துவிடும். காற்றோ சுருங்கியிருக்கும் ஆற்றல் முழுவதையும் வெடிப்பில் கொட்டும். வளிமண்டலத்தைவிட 7 பார், அதாவது 700 கிலோபாஸ்கல், கூடுதல் அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று விரியும்போது வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ 900 ஜூல். 9 கிலோ எடை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். அந்த ஆற்றலோடு பிவிசி கூரிய சில்லுகளாகச் சிதறும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறை 1988இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அழுத்தக் காற்றுதான் வேண்டுமென்றால் அதற்கென்றே தயாரிக்கப்பட்ட, பாதுகாப்பு வால்வு உள்ள உலோகக் கலனையும் உலோக ஹாரனையும் வாங்குவதே முறை.

ஒலியின் அளவையும் எண்களோடு அறிந்துகொள்வது நல்லது. டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. ஒரே மாதிரியான இரண்டு ஹாரன்களைச் சேர்த்து ஒலித்தாலும் அளவு 3 டெசிபல்தான் கூடும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் ஹாரன் 8 மீட்டரில் 92 ஆகும். தடையற்ற வெளியில் அது 55 டெசிபலுக்கு இறங்க அரைக் கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வகுத்திருக்கும் சராசரி வரம்பு இந்த 55தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அது 45 ஆகிறது. சுவர்களும் மரங்களும் ஓரளவு தடுக்கும் என்றாலும், மாடியில் நின்று ஊதிப் பார்ப்பது எத்தனை வீடுகளுக்குள் நுழைவது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. உறங்கும் குழந்தையும் நோயாளியும் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. சோதனைக்கு ஊருக்கு வெளியே திறந்த வெளியைத் தேடிச் செல்வதே சரி.

எல்லாரையும்விட ஹாரனுக்கு அருகில் இருப்பது ஊதுபவரின் காதுதான். அமெரிக்காவின் தொழில்நலத் துறை ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்புப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் வரை கேட்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம், 109 டெசிபலில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. உட்செவியின் உணர்மயிர்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. நிலையான காதிரைச்சலுக்கும் மருந்து இல்லை. ஆகையால் ஊதும்போது காதடைப்பான் அணிவது கட்டாயம். மூடிய அறைக்குள் ஊதக் கூடாது. பிறர் காதருகே விளையாட்டுக்குக்கூட ஊதக் கூடாது. வண்டியில் பொருத்தும் எண்ணமும் வேண்டாம்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரன்களையும், கடுமையான, கீச்சென்ற, மிக உரத்த, அச்சுறுத்தும் ஒலிக் கருவிகளையும் தடை செய்கிறது.

இத்தகைய கருவிக்கு உண்மையான தேவையுள்ள இடமும் உண்டு. மேற்சொன்ன கடல் விதிகள் 12 மீட்டருக்குக் குறைந்த படகில் ஊதல் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பயன்தரும் ஒலிச் சைகை செய்ய ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும் என்கின்றன. மின்கலமோ வாயுக்குப்பியோ தேவைப்படாமல், நனைந்தாலும் துடைத்துவிட்டு ஊதக்கூடிய ஒரு குழாய், கடையில் வாங்கிய ஊதலுக்குத் துணையாகப் படகில் கிடப்பதில் பொருள் இருக்கிறது. அப்படி வைப்பவர்கள் மாற்றுச் சவ்வு ஒன்றையும் நனையாத பையில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலும் உப்புக் காற்றும் ரப்பரை விரைவில் பதம் இழக்கச் செய்துவிடும்.

ஹாரன் ஒருமுறை ஒலித்துவிட்டால், அடுத்த வேலை அதன் உள்குழாயிலேயே காத்திருக்கிறது. உள்குழாயின் வெளிமுனையில் அதைவிடச் சற்று அகன்ற மற்றொரு குழாயைச் சறுக்கும்படி மாட்டினால் நீளத்தை ஊதும்போதே மாற்றலாம். சுருதி இழைந்து ஏறி இறங்குவதைக் கேட்டபடியே நான்கு மடங்கு நீளக் கணக்கைச் சரிபார்க்கலாம். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் ஒவ்வொரு நீளத்துக்கும் ஹெர்ட்ஸைக் குறித்துக்கொண்டு, கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அல்லது குழாயின் பக்கத்தில் துளைகள் இட்டு விரலால் மூடித் திறந்தால் அது ஓர் இசைக்கருவியாகவே மாறத் தொடங்கும். திறந்த துளை காற்றுத் தம்பத்தை அந்த இடத்திலேயே முடித்துவிடுவதுபோல் செயல்படும். துளை சிறிதாக இருந்தால் சுருதி எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து நிற்கும். அரத்தால் அதைச் சிறிது சிறிதாக அகலமாக்கிச் சுருதியை ஏற்றிக்கொள்ளலாம். அகலமாக்கிய துளையைச் சுருக்க வழியில்லை என்பதால், முதலில் சிறியதாகத் துளையிட்டு, ஒவ்வொரு முறை தேய்த்தபின்னும் ஊதிக் கேட்டு, மெல்ல மெல்ல முன்னேறுவது நல்லது.